பிள்ளை இல்லை, பால் சுரக்கிறது: மாத்திரையை நிறுத்திவிடலாமா?

கொங்குப் பகுதியிலிருந்து 29 வயது வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை மாற்றி, நீண்ட கடிதத்தைச் சுருக்கித் தருகிறேன்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் காதில் குரல்கள் கேட்க ஆரம்பித்து, யாரோ பின்தொடர்கிறார்கள் என்ற பயத்தில் நாள்கணக்காகத் தூங்காமல் இருந்திருக்கிறார். மனநல மருத்துவரிடம் அழைத்துப்போனார்கள். இரவில் ரிஸ்பெரிடோன் 4 மி.கி., கைநடுக்கம் வராமலிருக்க இன்னொரு சின்ன மாத்திரை. சில மாதங்களில் தெளிந்து வேலைக்கும் போய்விட்டார். 14 மாதங்களுக்கு முன் கல்யாணம். கணவருக்கு எல்லாம் தெரியும், மாமியாருக்குத் தெரியாது. மாத்திரைகள் ஒரு வைட்டமின் டப்பாவுக்குள் குடியிருக்கின்றன.

கல்யாணத்துக்கு முன்பே பீரியட்ஸ் 40 நாள், 45 நாள் என்று தள்ளிப்போய்க்கொண்டிருந்தது. கடந்த ஆறு மாதமாகத் தானாக வரவே இல்லை. மூன்று தடவை வீட்டிலேயே டெஸ்ட் செய்து பார்த்தும் கர்ப்பம் இல்லை. ஒருநாள் துணி துவைக்க எடுத்த மாமியார், நைட்டியின் மார்புப் பக்கம் காய்ந்த கறையைப் பார்த்துவிட்டு, விசேஷம்தான் என்று முடிவுகட்டி, மகப்பேறு மருத்துவரிடம் அழைத்துப்போயிருக்கிறார். விசேஷம் இல்லை. ஸ்கேனில் 'நீர்க்கட்டி' என்றார்கள். ஐந்து நாள் மாத்திரை கொடுத்ததில் ஒருமுறை வந்தது, அடுத்த மாதம் மறுபடி இல்லை. இரண்டாம் முறை போனபோது எடுத்த ரத்தப் பரிசோதனையில், பால் சுரக்க வைக்கும் புரோலாக்டின் ஹார்மோன் 118. கேபர்கோலின் என்ற மாத்திரை எழுதி, மூளைக்கு எம்.ஆர்.ஐ. எடுத்துவிடலாம் என்றிருக்கிறார் அந்த டாக்டர். 'வேறு மாத்திரை ஏதாவது சாப்பிடறீங்களா' என்று அவர் கேட்டபோது மாமியார் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். 'இல்லை' என்று சொல்லிவிட்டார் நம் வாசகி.

வீட்டுக்கு வந்து இணையத்தில் தேடியிருக்கிறார். ரிஸ்பெரிடோனை ஒன்பது நாளாக நிறுத்தியாயிற்று. கேபர்கோலின் வாங்கி வைத்திருக்கிறார், இன்னும் போடவில்லை. "மூணு நாளா ராத்திரி ரெண்டு மணிக்கே முழிப்பு வந்துடுது. ஆனா மனசு தெளிவாத்தான் இருக்கு டாக்டர். என் கர்ப்பப்பை காய்ந்துபோச்சா? மூளையில் கட்டியா? பைத்தியம் பிடிக்காம இருக்கணும்னா பிள்ளை ஆசையை விட்டுடணுமா?"

அன்புள்ள சகோதரி,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். விட வேண்டாம். உங்கள் கர்ப்பப்பைக்கும் எதுவும் ஆகவில்லை. ஆனால் அதையெல்லாம் விளக்குவதற்கு முன் ஒரு அவசர வேலை இருக்கிறது.

இன்றே செய்ய வேண்டியது

கடிதத்தில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது 118 என்ற எண் இல்லை, 'ரெண்டு மணிக்கே முழிப்பு' என்ற வரிதான். மாத்திரையை நிறுத்திய மறுநாளே நோய் திரும்பி வருவதில்லை. முதலில் உடம்பு லேசாகக்கூட இருக்கும். 'இத்தனை நாள் வீணாகச் சாப்பிட்டோமே' என்று தோன்றும். நோய் வாரங்களிலோ மாதங்களிலோ மெதுவாக வரும், பெரும்பாலும் தூக்கத்தைத்தான் முதலில் கெடுக்கும். மூன்று வருடத்துக்கு முன்பும் தூக்கம் கெட்டுத்தானே போயிருந்தது?

ஆகவே இன்றே உங்கள் மனநல மருத்துவருக்குப் போன் செய்யுங்கள். ஒன்பது நாள் நிறுத்தியதை மறைக்காமல் சொல்லுங்கள். திட்டினாலும் பரவாயில்லை. இந்த இடைவெளிக்குப் பிறகு நீங்களாகவே பழைய 4 மி.கி.யை ஒரேயடியாகப் போட்டால் எழுந்து நிற்கும்போது தலைசுற்றி விழ வாய்ப்பு உண்டு. எந்த அளவில் ஆரம்பிப்பது என்பதை அவர் சொல்லட்டும். கேபர்கோலின் அட்டையைப் பிரிக்காதீர்கள். அவரைப் பிடிக்க முடியவில்லை என்றால் 14416 என்ற டெலி-மானஸ் எண்ணுக்கு (அரசின் மனநல உதவி எண்) இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. குரல்கள் திரும்பினாலோ, உயிரோடு இருக்க வேண்டாம் என்று தோன்றினாலோ, போனோடு நிற்காமல் கணவரை எழுப்பி நேரே மருத்துவமனைக்குப் போங்கள்.

நீங்கள் செய்த தப்பிலும் ஒரு லாபம் இருக்கிறது. 118 என்பது மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது எடுத்தது. நாளைக் காலை மீண்டும் புரோலாக்டின் பார்த்து, எண் நன்றாக இறங்கியிருந்தால், ஏற்றிவிட்டது மாத்திரைதான் என்பது கிட்டத்தட்ட உறுதியாகிவிடும். டாக்டரிடம் பேசும்போது இதையும் கேளுங்கள். ஆனால் ரத்தம் கொடுப்பதற்காக மருந்தைத் தள்ளிப்போட வேண்டாம். எழுந்து இரண்டு மணி நேரமாவது கழித்து, லேபில் கொஞ்சம் அமைதியாக உட்கார்ந்துவிட்டுக் கொடுங்கள். பதற்றம்கூட இந்த ஹார்மோனைக் கூட்டும். பால் வருகிறதா என்று அடிக்கடி அமுக்கிப் பார்ப்பதும் கூட்டும். அதை இன்றோடு விட்டுவிடுங்கள்.

என்னதான் நடக்கிறது உடம்புக்குள்?

கிராமத்துப் பாட்டிகளுக்கு இதில் பாதி தெரியும். 'பிள்ளை பால் குடிக்கிற வரைக்கும் தீட்டு வராது' என்பார்கள். பால் கொடுக்கும் தாய்க்குப் புரோலாக்டின் கூடியிருக்கும். அது மூளையிலிருந்து சினைப்பைக்குப் போகும் கட்டளையை அடக்கிவைக்கும். முட்டை முதிராது, மாதவிலக்கு வராது. ஒரு பிள்ளையை வளர்த்து முடி, அடுத்ததைப் பிறகு பார்க்கலாம் என்று உடம்பு போட்டுக்கொண்ட கணக்கு அது. உங்கள் உடம்பிலும் இதே கணக்குதான் ஓடுகிறது, மடியில் குழந்தை இல்லாமலே.

மூளையின் அடியில் பிட்யூட்டரி என்று பட்டாணி அளவில் ஒரு சுரப்பி இருக்கிறது. அது விடும் மற்ற ஹார்மோன்கள் பெரும்பாலும் மேலிருந்து 'விடு' என்ற உத்தரவு வந்தால்தான் வெளியே வரும். புரோலாக்டின் தலைகீழ். 'வேண்டாம், வேண்டாம்' என்று சொல்லிக்கொண்டே இருந்தால்தான் அடங்கியிருக்கும். அப்படிச் சொல்லிக்கொண்டிருப்பது டோபமின் என்ற ரசாயனம். ரிஸ்பெரிடோன் டோபமினைத் தடுத்துத்தான் காதில் கேட்ட குரல்களை அடக்கியது. அதே தடுப்பு பிட்யூட்டரியிலும் நடக்கிறது. 'வேண்டாம்' என்பது அங்கே காதில் விழுவதில்லை. பால் ஹார்மோன் ஏறுகிறது, மாதவிலக்கு நிற்கிறது.

இது அபூர்வமும் இல்லை, புதிதும் இல்லை. மனச்சிதைவுக்கு முதலில் வந்த குளோர்புரோமசின் 1950களில் புழக்கத்துக்கு வந்த காலத்திலிருந்தே தெரிந்த பக்கவிளைவு. இன்றைய மருந்துகளில் ரிஸ்பெரிடோன், பாலிபெரிடோன், அமிசல்பிரைடு, ஹாலோபெரிடால் ஆகியவை அதிகமாகச் செய்யும். ஒலான்சபின் குறைவு. குவெட்டியாபின், குளோசபின் மிகக் குறைவு. அரிபிப்ரசோல் புரோலாக்டினை இறக்கவே செய்யும்.

இத்தனை தெரிந்தும் உங்களிடம் ஏன் யாரும் கேட்கவில்லை? மனநல மருத்துவர்களான எங்கள் தொழிலின் குறை அது, என்னையும் சேர்த்துத்தான். தூக்கம் எப்படி, குரல் கேட்கிறதா, வேலைக்குப் போகிறீர்களா என்று மூன்று கேள்வி. கூட அண்ணனோ அப்பாவோ நிற்பார். இப்படித்தான் வெகுகாலம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் ஒரு பெண், தன் ஓ.பி. சீட்டைத் திருப்பி, பின்பக்கத்தை என்னிடம் நீட்டினார். பேருந்தில் வரும்போது எழுதியிருப்பார் போல, எழுத்து கோணலாக இருந்தது: 'ஏழு மாசமா தீட்டு வரல சார்.' அதற்கு முந்தைய மாதமும், அதற்கு முந்தைய மாதமும் 'நன்றாக இருக்கிறார், அதே மருந்து' என்று நான்தான் எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தேன். அப்புறம் கேட்க ஆரம்பித்தேன்.

கர்ப்பப்பை, கெட்ட ரத்தம், நீர்க்கட்டி

ஐந்து நாள் மாத்திரை முடித்ததும் உங்களுக்குப் பீரியட்ஸ் வந்ததே, அதுவே கர்ப்பப்பை நன்றாக இருக்கிறது என்பதற்குச் சாட்சி. உள்ளே படலம் வளர்ந்திருந்தால்தான் உதிரும். காய்ந்துபோன கர்ப்பப்பையில் உதிர என்ன இருக்கும்? அதே சமயம், அந்த மாத்திரை உங்கள் பிரச்சினைக்கு மருந்தும் இல்லை. அது அந்த ஒரு மாதத்துக்கு உதிர வைத்தது, அவ்வளவுதான். மேலே கட்டளை அடங்கிக் கிடக்கிற வரை அடுத்த மாதம் தானாக வராது. எள்ளும் பப்பாளியும் அப்படியே. சாப்பிட்டால் தப்பில்லை, டோபமினுக்கு அது எட்டாது.

'வராத ரத்தமெல்லாம் உள்ளே கெட்டுப்போய்த் தங்கும்' என்று மாமியார் சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். அப்படி எதுவும் தங்குவதில்லை. கவலைப்பட வேண்டியது வேறொன்றுக்கு. புரோலாக்டின் கூடியே இருந்தால் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறையும். வருடக்கணக்கில் அப்படியே விட்டால் எலும்பு பலவீனப்படும். 'வராவிட்டால் நிம்மதி, மாசாமாசம் தொல்லை இல்லை' என்று சும்மா இருக்கும் பெண்களும் உண்டு என்பதால் இதைச் சொல்கிறேன்.

நீர்க்கட்டி விஷயத்தில், ஸ்கேனில் சின்னச் சின்ன நீர்ப்பைகள் தெரிவதால் மட்டும் பி.சி.ஓ.எஸ். என்ற சினைப்பை நீர்க்கட்டி நோய் ஆகிவிடாது. புரோலாக்டின், தைராய்டுக் கோளாறு இரண்டும் இல்லை என்று பார்த்த பிறகுதான் அந்தப் பெயரைச் சூட்ட வேண்டும். உங்களுக்கு முதலாவது இருக்கிறது. தைராய்டு பார்த்ததாகக் கடிதத்தில் இல்லை. நாளை ரத்தம் கொடுக்கும்போது டி.எஸ்.எச். சேர்த்துப் பார்த்துவிடுங்கள். தைராய்டு குறைந்தாலும் புரோலாக்டின் ஏறும்.

இன்னொன்று. 'காலையில் கேஸ் மாத்திரை போடுவேன், அது ஒன்றும் இல்லை' என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். அட்டையின் பின்னால் பாருங்கள். நம் ஊரில் விற்கும் கேஸ் மாத்திரைகளில் நிறைய, பேன்டோப்ரசோல் அல்லது ரபிப்ரசோலோடு டோம்பெரிடோனோ லெவோசல்பிரைடோ சேர்ந்தவை. இந்த இரண்டும் டோபமினைத் தடுப்பவைதான், இரண்டும் புரோலாக்டினை ஏற்றும். மனநல மருந்தே சாப்பிடாத பெண்களுக்கும் வெறும் கேஸ் மாத்திரையால் பால் சுரந்து பார்த்திருக்கிறேன். அந்தப் பெயர் இருந்தால் டாக்டரிடம் காட்டி நிறுத்துங்கள். நீங்கள் சாப்பிடும் மாத்திரைகளில் நிறுத்தத் தகுந்தது அதுதான்.

கட்டியா? எம்.ஆர்.ஐ. வேண்டுமா?

கர்ப்பமும் தாய்ப்பாலும் இல்லாத பெண்ணுக்குப் புரோலாக்டின் சுமார் 25-க்குள் இருக்க வேண்டும். 118 என்றதும் பிட்யூட்டரியில் கட்டி இருக்குமோ என்று பார்ப்பதுதான் முறை. அந்த டாக்டர் மீது தப்பே இல்லை. நீங்கள் ரிஸ்பெரிடோன் சாப்பிடுவது தெரியாத ஒருவர் எழுத வேண்டியதைத்தான் எழுதியிருக்கிறார். தெரிந்திருந்தால் 118 அவரை இவ்வளவு யோசிக்க வைத்திருக்காது. ரிஸ்பெரிடோன் மட்டுமே 100-ஐத் தாண்டவைக்கும், சிலருக்கு 200-ஐயும். மாத்திரையை மாற்றிய பிறகும் எண் இறங்காவிட்டாலோ, விடாத தலைவலி இருந்தாலோ, பக்கவாட்டில் வருவது கண்ணுக்குத் தெரியாமல் போனாலோ எம்.ஆர்.ஐ. கட்டாயம் எடுக்க வேண்டும். நாளைய பரிசோதனையைப் பார்த்துவிட்டு இரண்டு டாக்டர்களும் முடிவு செய்யட்டும். ஒரே மார்பில் மட்டும் கசிந்தாலோ, ரத்தம் கலந்து வந்தாலோ, கட்டி தட்டுப்பட்டாலோ அது தனிக் கதை, உடனே காட்டுங்கள்.

கேபர்கோலினை ஏன் பிரிக்காதீர்கள் என்றேன்? ரிஸ்பெரிடோன் டோபமினைத் தடுக்கிறது. கேபர்கோலின் டோபமின் வேலையைத் தானே செய்கிறது. இரண்டும் எதிரெதிராக இழுப்பவை. புரோலாக்டின் இறங்கும், ஆனால் குரல்களும் சந்தேகமும் கிளம்பிவிடக்கூடும். அதுவும் ரிஸ்பெரிடோன் இல்லாத இந்த ஒன்பது நாளில் அதை மட்டும் போட்டிருந்தால்? போடாமல் எனக்கு எழுதினீர்களே, நல்லதாகப் போயிற்று. மற்ற வழிகள் பலிக்காதபோது, இரண்டு டாக்டர்களும் கலந்து பேசிக் கவனத்தோடு கொடுப்பதும் உண்டு. ஆனால் அது கடைசி வழி.

உங்கள் முன்னால் இருக்கும் வழிகள்

ஒன்று, அளவைக் குறைப்பது. இத்தனை காலம் நன்றாக இருந்ததால் கேட்டுப் பார்க்கலாம். ஆனால் ரிஸ்பெரிடோன் குறைந்த அளவிலும் புரோலாக்டினை ஏற்றியே வைத்திருக்கும் குணம் உள்ளது. நோயைக் காக்கும் அளவுக்குக் கீழே போய்விடவும் கூடும்.

இரண்டு, இருக்கிற மருந்தோடு சிறிதளவு அரிபிப்ரசோல் சேர்ப்பது. ரிஸ்பெரிடோன் எடுக்கும் பலருக்கு இதிலேயே புரோலாக்டின் இறங்கி மாதவிலக்கு திரும்பிவிடுகிறது. உங்களைத் தெளியவைத்த மருந்தைக் கைவிடாமல் இருக்கலாம் என்பது இதன் லாபம்.

மூன்று, மருந்தையே மாற்றுவது. அரிபிப்ரசோலுக்கு மாறினால் சிலருக்கு ஓரிடத்தில் உட்கார முடியாத தவிப்பு வரும். குவெட்டியாபினில் தூக்கமும் எடையும் கூடும். ஒலான்சபினில் எடையும் சர்க்கரையும். ஒன்றைக் குறைத்துக்கொண்டே இன்னொன்றை ஏற்றி, சில வாரங்கள் எடுத்துச் செய்ய வேண்டிய மாற்றம் இது.

நான் உங்கள் டாக்டராக இருந்தால், முதலில் தூக்கத்தைச் சீர்ப்படுத்தி, கேஸ் மாத்திரையை மாற்றிவிட்டு, இரண்டாவது வழியிலிருந்து ஆரம்பிப்பேன். உங்களை நேரில் பார்க்காமல் சொல்வது இது; முடிவு அவரோடு உட்கார்ந்து நீங்கள் எடுக்க வேண்டியது.

எதைச் செய்தாலும் மாதவிலக்கு திரும்பச் சில வாரங்கள் முதல் சில மாதங்கள் ஆகும். இங்கே ஒரு எச்சரிக்கை. பீரியட்ஸ் வருவதற்கு முன்னாலேயே முட்டை வெளிவந்துவிடும். 'பால் குடிக்கிற பிள்ளை இருக்கும்போதே அடுத்தது தங்கிவிட்டது' என்று ஊரில் கேள்விப்பட்டதில்லையா? மருந்து மாறி மனநிலை நிலைப்படும் வரை ஆணுறை பயன்படுத்துங்கள். அப்புறம் பிள்ளைக்குத் திட்டமிடும்போது ஃபோலிக் அமிலத்தோடு, இரு டாக்டர்களிடமும் சொல்லிவிட்டு ஆரம்பியுங்கள். மனநல மருந்தோடு கர்ப்பம் தரித்து நல்லபடியாகப் பெற்றவர்கள் நிறையப் பேர். கர்ப்பம் என்று தெரிந்ததும் பயந்து மாத்திரையை விட்டு, ஆறாம் மாதத்தில் நோய் முற்றி வருபவர்களைப் பார்ப்பதுதான் எனக்குக் கஷ்டமாக இருக்கும்.

'அவரோட சரியா இருக்க முடியல, எனக்கு அன்பே இல்லையோன்னு அவர் நினைக்கிறார்' என்று ஒரு வரி எழுதி, அடித்துவிட்டு, மறுபடி எழுதியிருக்கிறீர்கள். ஆசை குறைவதும், உறவின்போது வறண்டு வலிப்பதும் புரோலாக்டின் செய்யும் வேலையே. கணவரிடம் இந்தப் பத்தியைப் படிக்கக் கொடுங்கள்.

மற்ற மாத்திரைகள் சாப்பிடும் வாசகிகளுக்கு

சுருக்கமாக. வேல்ப்ரோயேட் சாப்பிடும் பெண்களுக்குப் பி.சி.ஓ.எஸ். வர வாய்ப்பு கூடுகிறது. அதைவிட முக்கியம், கர்ப்பத்தில் அது எடுத்தால் சுமார் பத்தில் ஒரு குழந்தைக்குப் பிறவிக் குறை, பத்தில் மூன்று நான்கு குழந்தைகளுக்கு வளர்ச்சியில் பாதிப்பு. பிள்ளை பெறும் வயதில் அது எழுதப்பட்டிருந்தால் அடுத்த முறை கட்டாயம் பேசுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். லித்தியம் தைராய்டைக் குறைக்கலாம், அதனால் மாதவிலக்கு மாறும். கார்பமசிபைன் கருத்தடை மாத்திரையின் பலத்தைக் குறைத்துவிடும்.

டாக்டரிடம் சொல்லலாம், மாமியாருக்கு உங்கள் இஷ்டம்

மகப்பேறு டாக்டருக்கு நீங்கள் என்ன சாப்பிடுகிறீர்கள் என்று தெரிந்தே ஆக வேண்டும். பரிசோதனை மேசைக்குப் போகும்போது, 'ரெண்டு நிமிஷம் தனியாப் பேசணும் மேடம்' என்றால் போதும், அவர்களுக்குப் பழக்கம்தான். வாய் வராவிட்டால் மனநல டாக்டரின் சீட்டை ரிப்போர்ட்டுகளுக்கு நடுவில் வைத்து நீட்டுங்கள். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், பிரிவு 23, மனநோய்க்குச் சிகிச்சை எடுப்பவரின் விவரங்களை ரகசியமாக வைக்கும் கடமையை எல்லா மருத்துவப் பணியாளர்களுக்கும் விதிக்கிறது. பிரிவு 22, மருந்தின் பக்கவிளைவுகள் உட்பட எல்லாவற்றையும் கேட்டுத் தெரிந்துகொள்ளும் உரிமையை உங்களுக்குத் தருகிறது. ஆகவே 'ஏன் முன்னாடியே சொல்லலை' என்று உங்கள் மனநல டாக்டரைக் கேட்கத் தயங்க வேண்டாம்.

மாமியாரிடம் சொல்வதா வேண்டாமா என்பது உங்களுக்கும் கணவருக்கும் உரிய முடிவு. இப்போதைக்கு 'பால் ஹார்மோன் கூடியிருக்கு, மருந்தை மாத்தினா சரியாயிடும்னு டாக்டர் சொல்லிட்டாங்க' என்றால் போதும். அதில் பொய் எதுவும் இல்லை.

அந்த வைட்டமின் டப்பாவை மட்டும் இன்றே காலி செய்துவிடுங்கள். வைட்டமின்தானே என்று வீட்டில் யாராவது ஒன்றை எடுத்துப் போட்டுக்கொண்டால் மயங்கி விழுந்துவிடக்கூடும். உங்களுக்கே அவசரம் என்று தூக்கிக்கொண்டு ஓடினால், அங்கே இருக்கும் டாக்டருக்கு அந்த டப்பா எதையும் சொல்லாது. மாத்திரைகள் அவற்றின் அட்டையிலேயே இருக்கட்டும், அலமாரியில் உங்கள் புடவைக்கு அடியில் வைத்தாலும் சரி. பெயரும் அளவும் தெரிகிற மாதிரி ஒரு போட்டோ எடுத்து, கணவரின் போனில் போட்டு வையுங்கள்.